அமாவாசை மத்தியானத்துப் பிளேன்

ஏனுங்க தம்பி, கழுத்துல கார்டு தொங்குதே, ஏர்போர்ட்டுலதான் வேலைங்களா? காபிக் கடைங்களா. உள்ளயா வெளியவா? உள்ளயா. அப்ப உங்களுக்குத் தெரியும். ஹைதராபாத் பிளேன் மத்தியானம் எப்ப எறங்குமுங்க? பன்னெண்டரையா. பன்னெண்டரைன்னா பன்னெண்டரைக்கே எறங்கிருமா, இல்ல சித்த முன்னப் பின்ன ஆகுமுங்களா? லேட்டா வந்தாத் தேவலைங்க. எல்லாரும் சீக்கிரம் வரோணும்னு வேண்டுவாங்க. நான் லேட்டா வரோணும்னு வேண்டிக்கிட்டு இந்த பஸ்ஸுல உக்காந்திருக்கறேன்.

இன்னொண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. ஒரு காக்கா போயி பிளேன்ல பட்டா என்னங்க ஆகும்? பெருசா ஒண்ணும் ஆகாதில்லீங்க? காக்கா அத்தனூண்டு. பிளேன் எத்தாப் பெருசு. பட்டா காக்காய்க்குத்தானே சேதம்? நீங்க காபிக் கடைதான், உங்களுக்கு எப்படித் தெரியும். இருந்தாலும் அங்க பைலட்டுக எல்லாம் காபி குடிக்க வருவாங்கல்ல, பேசிக்குவாங்கல்ல, காதுல உழுந்திருக்குமேன்னு கேட்டேன். பருந்துன்னா? பருந்து பட்டாலும் ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுங்க தம்பி. சும்மாவாச்சும் சொல்லுங்க.

பேச்சு ஒரு மாதிரி இருக்குதுன்னு பாக்கறீங்களா. காலையில இருந்து பச்சத் தண்ணி பல்லுல படலை. அமாவாசை விரதம். அதுலதான் இப்படிப் பேசறேன்னு வெச்சுக்குங்க.

என்ற பேரு சென்னியப்பனுங்க. மில் காலனி. தெரியுமில்லீங்க, உங்க ஏர்போர்ட்டுக் காம்பவுண்டுச் செவுத்தை ஒட்டிப் பின்னால நாலு வீதி இருக்குதே, அதுதான். மில்லை மூடுனப்ப தொழிலாளிகளுக்குன்னு பிரிச்சுக் குடுத்த எடம். நான் ஸ்பின்னிங்ல இருந்தவன், எங்கய்யனும் அதே மில்லுதான். எங்க ஊட்டு மொட்டை மாடியில நின்னா பிளேனு வயிறு தெரியும். சக்கரம் தெரியும். கையை நீட்டுனாத் தொட்டுறலாமாட்ட இருக்கும். இன்னைக்கு நான் ஊட்டுல இருந்து வரலீங்க, கலெக்டர் ஆபீசுல இருந்து வர்றேன். இந்தப் பாலம் வேலை எப்பத்தான் முடியுமோ, பாருங்க, பஸ்ஸு ஆமையாட்ட நகருது.

என்ற புள்ளை அந்தப் பிளேன்ல வருதுங்க. ஒரே புள்ளை, தாரணின்னு பேரு, ஊட்டுல பாப்பாம்போம். மாசமா இருக்குது. ஏழு மாசம்.

ரயில்ல வரோணும்னுதான் சொல்லியிருந்தேன். படிச்சுப் படிச்சுச் சொன்னேன். மாப்பிள்ளை கேக்கலை. மாமா, அத்தனை நேரம் ரயில்ல உக்காந்துட்டு வர முடியாது, பிளேன்ல ஏத்தி உடறேன்னாரு. வேண்டாமுங்க மாப்பிள்ளை, காது அடைக்கும், வயித்துப் புள்ளைக்கு ஆகாதுன்னேன். டாக்டரே போலாம்னு சொல்லிட்டாங்கங்கறாரு. நீங்க ஏன் வேண்டாங்கறீங்கன்னு கேக்கறாரு. ஏன்னு நான் என்னத்தைச் சொல்லட்டும்? எங்க வம்சத்துல ஆருக்கும் பிளேன் ஆகாதுன்னுட்டேன். எங்க வம்சத்துல ஆரு பிளேன்ல போயிருக்கறாங்க? சரிங்க மாமான்னு தலையை ஆட்டிட்டு, இன்னைக்குக் காலையில கொண்டுபோயி ஏத்தி உட்டுட்டாரு. கலெக்டர் ஆபீசுக் கூட்டத்துல உக்காந்திருக்கறப்ப மெசேஜு வருது. 'அப்பா, பிளேன் ஏறிட்டேன், பதறாதீங்க, மத்தியானம் நம்ம ஊட்டுச் சாப்பாடு.' திருப்பிக் கூப்பிட்டா சுவிட்ச் ஆஃப்.

மத்தியானம் நம்ம ஊட்டுச் சாப்பாடுங்குது. இன்னைக்கு என்ன நாளுன்னு தெரியுமுங்களா தம்பி? புரட்டாசி அமாவாசை. மகாளய அமாவாசை. எங்க காலனியில ஒரு ஊடு பாக்கியில்லாம உச்சிக்கு எலை போட்டு மொட்டை மாடியில வெச்சு, கா கான்னு கூப்பிடுவாங்க. அந்த நேரத்துக்குத்தான் பாப்பா பிளேன் எங்க மாடிக்கு மேல வருது.

சோறுதானுங்க வெச்சோம். அதை மொதல்லயே சொல்லிடறேன். நாங்க கல்லெடுத்து எறியலை, பட்டாசு உடலை. சோறு வெச்சோம். செத்தவங்களுக்குச் சோறு வெக்கறது பாவமா?

எல்லாம் அந்த மஞ்சக் கோட்டுல ஆரம்பிச்சதுங்க. ஆனி மாசம் டேப்பு புடிச்சுக்கிட்டு வந்தாங்க. ரன்வேயை நீட்டறாங்களாம். எங்க ஊட்டுச் செவுத்துல பெயிண்ட்டுல ஒரு கோடு போட்டாங்க. கோட்டுக்கு அக்கட்ட சமையக்கட்டு, இக்கட்ட பூசை ரூமு. சமையக்கட்டு அவியளுக்கு, பூசை ரூமு எங்களுக்கு. என்ற சம்சாரம் மயிலாத்தா கேட்டா, சாமிக்குப் பச்சையாவா படைக்கறதுன்னு. அந்தாளுக சிரிச்சுக்கிட்டே போயிட்டாங்க. அன்னையில இருந்து எனக்குச் சோறு எறங்கலை தம்பி. பயமுன்னாப் பயம் உங்க ஊட்டுப் பயம் எங்க ஊட்டுப் பயம் இல்லை. பிளேன் ஒவ்வொருக்கா மேல போறப்பவும் கூரையப் புடிச்சுத் தூக்கிட்டுப் போறாப்பல இருக்கும். நான் போயி கதவு நெலையைப் புடிச்சுக்குவேன். வயசான ஆம்பளை, நெலையைப் புடிச்சுக்கிட்டு நிக்கறேன். மயிலாத்தா பாத்துட்டுப் பாக்காதவளாட்டப் போயிருவா.

கமிட்டி போட்டோம். குழந்தைவேலண்ணன் தலைவர், நான் செயலாளர். மனுக் குடுத்தோம், கருப்புக் கொடி கட்டுனோம், உண்ணாவிரதம் உக்காந்தோம். ஒரு நாயும் எட்டிப் பாக்கலை. டவுனுக்காரங்க எல்லாம் ஏர்போர்ட்டு பெருசாகோணும், துபாய்க்கு நேராப் பிளேன் வரோணும்னு பேசிக்கறாங்க. எங்க நாலு வீதியைப் பத்தி ஆருக்கென்ன.

அப்பத்தான் ஒரு நாளு ஆட்டோவுல மைக்கு கட்டிக்கிட்டு வந்தாங்க. பொதுமக்களுக்கு வேண்டுகோள், சோறு குப்பையைத் தெறந்த எடத்துல போடாதீங்க, அதுக்குப் பறவைக வருது, பறவைக வந்தா விமானத்துக்கு ஆபத்து, அப்படின்னு. நாங்க டீக்கடையில நின்னுக்கிட்டிருந்தோம். குழந்தைவேலண்ணன் கையைக் காட்டி ஆட்டோவை நிறுத்துனாரு. தம்பி, அதை இன்னொருக்காச் சொல்லுன்னாரு. அந்தப் பையனும் மைக்குலயே இன்னொருக்காச் சொன்னான். ஆட்டோ போயிருச்சு. டீ ஆறிப் போச்சு. அப்ப ஆரோ ஒருத்தரு, அப்படீன்னா காக்கா ஜாஸ்தியாச்சுன்னா ஏர்போர்ட்டை ஊருக்கு வெளிய கொண்டுபோயிருவாங்களான்னு கேட்டாங்க. ஆருன்னு எனக்கு நெனப்பில்லீங்க. நான்தான்னு சில பேரு சொல்றாங்க. இருக்கலாம். கேள்விதானுங்களே கேட்டேன்.

ஆரும் ஆரையும் வெக்கச் சொல்லலை. அதையும் நல்லாக் கேட்டுக்குங்க. முன்னோருக்குத் தெனமும் சோறு வெக்கறது குடும்பத்துக்கு நல்லதுன்னு மட்டும் காலனி வாட்ஸ்அப் குரூப்புல போட்டோம். நான்தான் குரூப்புக்கு அட்மினு. ஆடி அமாவாசையில ஆரம்பிச்சது. அதுக்கு முந்தி அமாவாசைக்கும் சனிக்கெழமைக்கும் மட்டும் வெப்போம். அதுக்குப் பொறகு தெனமும். எல்லா மொட்டை மாடியிலயும். காக்கா சும்மா இருக்குமா? அது போயி அதனோட ஒறம்பரை அத்தனையையும் கூட்டிக்கிட்டு வந்திருச்சு. ஆவணி பொறக்கறதுக்குள்ள எங்க காலனி மேல பாத்தா, எள்ளைக் கொட்டி உட்டாப்பல இருந்துச்சுங்க. எங்களுக்குச் சந்தோசந்தான். இல்லைன்னு சொன்னாப் பொய்யி. ஒரு பிளேன் எறங்க வந்து எறங்காம ஒரு வட்டம் அடிச்சுட்டு வந்துச்சு. டீக்கடையில எல்லாருக்கும் வடை வாங்கிக் குடுத்தாங்க. ஆரு வாங்கிக் குடுத்தாங்களோ.

பொறகு பருந்து வந்துச்சு. பருந்து சோத்துக்கு வராதுங்க. கறிக்கடை ஈஸ்வரன் கோழிக்கொடலைக் கொண்டாந்து கடைசி வீதிக்கு அந்தப் பக்கம் கொட்ட ஆரம்பிச்சாப்ல. அது கமிட்டி சொல்லிச் செஞ்சதில்லை. அது வேற, கமிட்டி வேறன்னு தலைவரே சொல்லிட்டாரு. நானும் அப்படித்தான் நெனைச்சுக்கிட்டேன். அதுவும் இல்லாம, பருந்தைப் பாத்தாக் கன்னத்துல போட்டுக்கற ஆளுக நாங்க. பெருமாள் வாகனம். அதை வராதேன்னு எப்படிச் சொல்றது?

ஆனா இந்தக் காக்காய்க நடந்துக்கிட்டது வேற மாதிரிங்க. சோறு வெக்கச் சித்த நேரமாச்சுன்னா ஜன்னலைக் கொத்துச்சு. துணி காயப் போட முடியலை. ஒருக்கா ஒறம்பரை ஊட்டுக்குப் போயிட்டு வர்றோம், கதவுக்கு முன்னால பூராவும் காக்கா. தள்ளி உடறதுக்கும் பயமா இருக்குது, அதுல செத்துப் போன எங்கய்யன் எதுன்னு தெரியலையே. ஒரு நாளு காலையில பேப்பர் எடுக்கக் குனிஞ்சேன், ஒண்ணு வந்து என்ற தலையில தட்டிருச்சு. தலையில காக்கா தட்டுனா ஆகாது தம்பி, தெரியுமில்லீங்க. ஊட்டுல கெட்டது நடக்கும்பாங்க. சனீசுவரனுக்கு எள்ளு வெளக்குப் போட்டேன். மயிலாத்தாகிட்டச் சொல்லலை. சொன்னா அவ பயந்துக்குவா. பயப்படறதுக்கு ஊட்டுக்கு ஒரு ஆளு போதாதா.

எங்க ஊட்டுக்கு அடுத்த ஊடு லூர்துமேரி டீச்சர். ரிட்டயராகித் தனியா இருக்கறாங்க. வேதக்காரங்க, காக்காய்க்கு வெக்கற பழக்கமில்லை. அந்தம்மா ஊடு முழுசாப் போகுதுங்க, ஒரு செவுரு மிஞ்சாது. உண்ணாவிரதத்துக்கு மொத ஆளா வந்து உக்காந்ததே அவங்கதான். ஆனா இதுல மட்டும் ஒத்து வரலை. கூட்டத்துல எந்திரிச்சு, பிளேன்ல ஆளுக இருக்காங்களே சென்னியப்பண்ணான்னாங்க. ஆளில்லாமப் பிளேன் எப்படி டீச்சர் வரும்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவங்க சிரிக்கலை. அப்பறம் குரூப்புல தெனமும் அதையே எழுதறாங்க. ஆளுக இருக்காங்க, கொழந்தைக இருக்காங்கன்னு. நாலு பேரு மனசைக் கலைக்கறாங்கன்னு தலைவர் வெசனப்பட்டாரு. நான்தான் அட்மினு. அவங்களைக் குரூப்புல இருந்து எடுத்து உட்டுட்டேன். அதுக்கப்பறமும் அந்தம்மா வழியில பாத்தாச் சாப்பிட்டீங்களாண்ணான்னு கேப்பாங்க. எனக்குத்தான் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்க வேண்டியதாப் போச்சு.

நகருதுங்களா? நகரலை. மணி என்னங்க? அய்யோ.

இன்னைக்குக் கலெக்டர் ஆபீசுல கருத்துக் கேட்புக் கூட்டம். அதுக்காகத்தான் விரதத்தோட கெளம்பி வந்தேன். நீயே உச்சிக்கு எலை போட்டு வெச்சுருன்னு மயிலாத்தாகிட்டச் சொல்லிட்டு வந்தேன். அங்க ஏர்போர்ட்டு ஆபீசர் ஒருத்தரு எந்திரிச்சாரு. சின்ன வயசுதான். போன வாரம் ஒரு பிளேன் எறங்கறப்ப பருந்து எஞ்சினுக்குள்ள போயிருச்சாம். தீ புடிச்சு அணைஞ்சிருச்சாம். மிச்சமிருந்த ஒத்தை எஞ்சினை வெச்சுக்கிட்டு எறக்குனாங்களாம். அதுல இருந்தவங்க ஊரு போய்ச் சேந்தது பைலட்டு புண்ணியம், கையெடுத்துக் கும்பிடறேன், சோறு வெக்கறதை நிறுத்துங்கன்னு சொன்னாரு. பேசறப்ப அந்தப் பையனுக்குக் கொரல் ஒடைஞ்சிருச்சுங்க. எங்க ஆளுக கை தட்டுனாங்க. பாத்தீங்களா, இந்த எடம் ஏர்போர்ட்டுக்கு லாயக்கில்லைன்னு அவிய வாயாலயே வந்திருச்சுன்னு. நானும் தட்டுனேன். தட்டிக்கிட்டே இருக்கறேன், சட்டப் பையில போனு அதிருது. பாத்தா பாப்பா மெசேஜு.

அந்தக் கையோட படி எறங்கி ஓடியாந்தவன்தான். மயிலாத்தாளுக்குப் போட்டேன், எடுக்கலை. விரதத்தன்னைக்கு அவ போனைத் தொட மாட்டா. தலைவர்தான் கூப்பிட்டாரு, எங்கய்யா போயிட்டே, டிவிக்காரங்க வந்திருக்கறாங்கன்னு. வயித்து வலின்னுட்டேன். அவருகிட்ட என்னன்னு சொல்றது? இன்னைக்கு ஒரு நாளு மட்டும் ஆரும் சோறு வெக்காதீங்க, என்ற புள்ளை வருதுன்னா, அப்ப போன வாரம் வந்ததெல்லாம் ஆரு புள்ளைகன்னு கேட்டுட்டாருன்னா? கேக்க மாட்டாரு. அவரு அந்த மாதிரி ஆளில்லை. இருந்தாலும் பயமா இருக்குதுங்க.

ஆருக்கு? டீச்சருக்கா? டீச்சருக்குப் போடச் சொல்றீங்களா? நல்லாச் சொன்னீங்க போங்க. எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் போடறது. ஆமா, காலனியில இந்நேரத்துக்குச் சோறு வெக்காத ஊடு அது ஒண்ணுதான், போனு எடுக்கற ஆளும் அவங்க ஒருத்தர்தான். எனக்குந் தெரியுது. இருங்க. நீங்க சித்த இந்தப் பையைப் புடிங்க. ரிங்கு போகுது. எடுக்க மாட்டாங்க பாருங்க. எடுக்க மாட்டாங்க.

டீச்சர்? டீச்சர், நான் பக்கத்து ஊட்டுச் சென்னியப்பனுங்க. ஆமாங்க. இல்லீங்க, சாப்பிடலீங்க, விரதம். டீச்சர், ஒரு ஒதவி. எப்படிக் கேக்கறதுன்னு தெரியலை. நம்ம பாப்பா, தாரணி, பிளேன்ல வருதுங்க. பன்னெண்டரைப் பிளேன்ல. ரயில்னுதான் சொன்னேன், மாப்பிள்ளை கேக்கலை. டீச்சர்? இருக்கீங்களா? டீச்சர், என்னை நாலு வார்த்தை வஞ்சுருங்க, ஆனா இப்ப வேண்டாம், பொறகு வையுங்க. நம்ம ஊட்டு மாடிக்குப் போயி மயிலாத்தாகிட்டச் சொல்லுங்க. சோத்தை எடுத்தரச் சொல்லுங்க. கூப்பிடறதை நிறுத்தச் சொல்லுங்க. வீதியில ஆரு கேட்டாலும் நான் சொன்னேன்னு மட்டும், டீச்சர், அதை மட்டும் சொல்லாதீங்க.

போறாங்க தம்பி. ஒரு வார்த்தை கேக்கலை. ஏன் எதுக்குன்னு கேக்கலை. ஸ்பீக்கர்ல போடறேன், உங்களுக்கும் கேக்கட்டும், எனக்குத் தனியாக் கேக்க முடியலை. மாடிப்படி ஏறறாங்க. மூச்சு வாங்குது பாருங்க, அந்தம்மாவுக்கு முட்டி வலி, சர்ச்சுக்கே சேர் போட்டுத்தான் உக்காருவாங்க. கேக்குதா? அந்தக் கா கா சத்தம், அது காக்கா இல்லீங்க. மயிலாத்தா கூப்பிடறா. கல்யாணமாகி இத்தனை வருசத்துல என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

ஏம்புள்ள, நான்தான். ஆமா, டீச்சர் போன்லதான். இருக்கட்டும், அவங்க எதுக்கு வந்தாங்கன்னு பொறகு கேளு. எலையை எடுத்தரு. எடுங்கறேன். என்ன? இன்னுந் தொடலையா? எல்லாம் மேலயே சுத்துதா? பக்கத்து மாடிகளுக்கெல்லாம் போகுது, நம்ம எலைக்கு வரலையா? ஐயனுக்குக் கோவம்னா இருக்கட்டும். மயிலா, அழுவாத. கேளு. அரசாணிக்காய்ப் பொரியல், வடை, பாயசம் எல்லாம் வெச்சே, சரி, ஒரு கொறையும் இல்லை, நீ ஒரு தப்பும் பண்ணலை. எடுத்தரு. மாமனாருக்கு வெச்சதை எப்படி எடுக்கறதா? மயிலா, நம்ம பாப்பா பிளேன்ல வருது. ரயில்ல இல்லை. பிளேன்ல. இப்ப. உன்ற தலைக்கு மேல வரும்.

சத்தத்தையே காணோம் தம்பி. கட்டாயிருச்சா? இல்லை, ஓடிக்கிட்டுத்தான் இருக்குது. டீச்சர், என்ன பண்றா? பேசறாளா? நின்னுக்கிட்டு மேல பாக்கறாளா. என்ன சத்தம் அது? தட்டம். தட்டத்தைக் கீழ அடிக்கறா. சேலையை அவுத்துச் சுத்தி வீசறாளா? டீச்சர் சொல்றாங்க, கட்டியிருக்கற சேலைய இல்லீங்க, மாடிக் கொடியில கெடந்த பழைய சேலையை எடுத்து வீசறாளாம். கேக்குதுங்களா? போ போங்கறா. எங்க மாமனாருன்னு நூறு தடவை கும்பிட்டவ, போன்னு கத்தறா. எங்கய்யனையும் சேத்துத்தான் ஓட்டறா. ஓட்டட்டும். ஐயா, நீங்க கோவிச்சுக்காதீங்க, உங்க பேத்திதான், சித்த அக்கட்டால போயிருங்க.

பக்கத்து மாடிக்காரங்க சண்டைக்கு வர்றாங்களாம். அமாவாசையும் அதுவுமாக் காக்காயை ஓட்டறான்னு வையறாங்க. டீச்சர் செவுத்துக்கு இந்தப் பக்கம் நின்னு பதில் சொல்றாங்க. பேரைச் சொல்லிட்டாங்களா? சொல்லிட்டாங்க. தாரணின்னு சொல்லிட்டாங்க.

தம்பி, அந்தா. அந்தா வருது. அதுதானுங்களா? வாலுல நீலம் இருந்தா அதுங்களா? நீலந்தான். சின்னதாத் தெரியுது. எவ்வளவு மெதுவா வருது பாருங்க. கண்டக்டர், சித்த கதவு தெறங்க, நான் எறங்கிடறேன். எறங்கி எங்க போறதா? தெரியலீங்க. எறங்கலை, எறங்கலை, உக்காந்துக்கறேன். தாழ வந்திருச்சு. காலனி மேல வந்திருச்சு. அங்க கருகருன்னு தெரியுதே, அது புகையா, இல்ல அதுகளா? நீங்க பாத்துச் சொல்லுங்க, எனக்குக் கண்ணுல தண்ணி. எறங்குது. எறங்குது. ஏன் தம்பி மேல போகுது? ஏன் மேல போகுது? சத்தம் மாறுதே. அடிபட்டிருச்சா? புகை வருதான்னு பாருங்க. பொய் சொல்லாதீங்க. நெசமா வரலையா? அப்படியும் செய்வாங்களா. தெரியும், தெரியும், வட்டமடிச்சுட்டு வருவாங்க, நாங்களே பாத்திருக்கறோம். பாத்துட்டு வடை தின்னோம்.

என்ற கையைப் புடிச்சுக்கறீங்களா தம்பி. தப்பா நெனைக்காதீங்க. முருகா. அவியளுக்கு உள்ள தெரியுமுங்களா, ஏன் மேல போறோம்னு? மைக்குல சொல்லுவாங்களா? அவ பயந்துக்குவா. சின்னதுல இருந்தே அவளுக்கு ராட்டினமே ஆகாது. வயித்தைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பா. பக்கத்து சீட்டுல ஆராவது பொம்பளையாளு இருந்தாத் தேவலை.

வருது. மறுக்கா வருது. மயிலா, ஓட்டு. டீச்சர், நீங்களும் எதையாச்சும் எடுத்து ஓட்டுங்க. தாழ வருது. நான் கண்ணை மூடிக்கறேன், நீங்க பாத்துச் சொல்லுங்க. சொல்லுங்க. எறங்கிருச்சா? தரையில பட்டிருச்சா? நீங்க பாத்தீங்களா? சக்கரம் பட்டதைப் பாத்தீங்களா? செவுத்துக்குப் பின்னால போயிருச்சு, ஆனா சத்தம் ஒழுங்காத்தான் வருதுங்கறீங்க. சரி. சரிங்க.

இருங்க, போனு. பாப்பா நம்பரு.

கண்ணு. எறங்கிட்டியா? எந்திரிக்காத, எல்லாரும் எறங்கட்டும், கடைசியா எறங்கு. நான் அழுவலை, சளி. சொல்லு. ம். ம். பறவைக் கூட்டம்னு சொன்னாங்களா. ஒருக்காச் சுத்திட்டு வந்தாங்களா. வாந்தி எடுத்தியா. பரவால்ல கண்ணு. என்ன? ஆரு? அம்மாவா? அம்மாவைப் பாத்தியா?

தம்பி, ஜன்னலோரம் உக்காந்திருந்துச்சாமுங்க. ரண்டாந் தரம் தாழ வர்றப்ப எங்க ஊடு தெரிஞ்சுதாம். மொட்டை மாடியில அவங்கம்மா நின்னுக்கிட்டுச் சேலையை வீசி வீசி ஆட்டிக்கிட்டு இருந்தாளாம். பக்கத்துல டீச்சரும் ஆட்டுனாங்களாம். நான் வர்றது அம்மாவுக்கு ஆருப்பா சொன்னது, இந்த வெயில்ல எனக்காக மாடி ஏறி நின்னாங்களா, நானும் கையை ஆட்டுனேன், அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்குமான்னு கேக்குதுங்க.

தெரிஞ்சுது கண்ணு. அம்மா சொன்னா. நீ கையாட்டுனது தெரிஞ்சுதுன்னு சொன்னா. வெச்சரு, நான் வாசல்ல நிக்கறேன்.

தண்ணி இருந்தாக் குடுங்க. விரதமா? காக்கா எலையைத் தொட்டாத்தான் விரதம் முடியும், அதுகளைத்தான் ஓட்டியாச்சே. குடுங்க. நீங்க நல்லா இருக்கோணும். உங்க புள்ளைகுட்டி நல்லா இருக்கோணும். கல்யாணம் ஆகலையா, சீக்கிரம் ஆகட்டும்.

என்ன சொல்றீங்க? குரூப்புலயா? நிறுத்தச் சொல்லியா? சொல்லலாமுங்க. அட்மினு நான்தான், ஒரு வரி போட்டா எல்லாருக்கும் போயிரும். போடறதுக்கென்ன. ஆனா மூணு மாசமாப் பட்ட பாடுங்க தம்பி. இன்னைக்குத்தான் அந்த ஆபீசரு வாயாலயே வந்திருக்குது. இப்பப் போயி நான் நிறுத்துங்கன்னா, மஞ்சக் கோடு என்ன தானா அழிஞ்சு போகுமா? பாப்பாவுக்குப் பிரசவமாகி, அந்தப் பச்சைக் கொழந்தையைக் கொண்டாந்து படுக்க வெக்க ஊடு வேணுமில்லீங்க? அந்த ஊட்டுக்காகத்தானுங்க எல்லாம். அதுக்குச் சமையக்கட்டு இல்லாம என்ன பண்றது. நான் ஒருத்தன் சொன்னாக் கேக்கற ஆளுகளும் இல்லை. சோறுதான் வெக்கறாங்க. பாப்பா திரும்பிப் போறப்ப ரயில்லதான் போகும், அதுல மட்டும் இனி மாப்பிள்ளை பேச்சைக் கேக்கறதா இல்லை. நானே கூட்டிக்கிட்டுப் போயி உட்டுட்டு வந்திருவேன்.

டீச்சரை? டீச்சரைக் குரூப்புல மறுக்காச் சேத்திக்கலாமுங்க. அது நியாயம். சேத்திக்கறேன். பொறகு.

ஸ்டாப்பு வந்திருச்சு. பையைக் குடுங்க. சித்த இருங்க, அது என்ன சத்தம்? இன்னொண்ணு வருதா? காலனிப் பக்கமாத்தான் வருது. அது எந்த ஊருதுங்க, சென்னைங்களா? மயிலாத்தா கீழ எறங்கியிருப்பா. ஓட்டி உட்டதுக ஒண்ணும் தின்னிருக்காது. பசியோட மேலயேதான் சுத்திக்கிட்டு இருக்கும், பருந்தும் சேந்து. தம்பி, அந்தப் பிளேன்ல உங்களுக்கு வேண்டியவங்க ஆராச்சும் வர்றாங்களா?

இல்லீங்களா. அப்பச் சரிங்க. பாத்து எறங்குங்க, படி ஒசரம்.